காக்பிட்டுக்கு வெளியே ஒரு விமானப்படை

நேயர்களுக்கு வணக்கம்.

விமானப்படையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் என்று தெரிந்தால் போதும், எங்கே போனாலும் முதலில் கேட்பது, "சார், நீங்க எந்த பிளேன் ஓட்டினீங்க?" என்றுதான். நான் ஓட்டவில்லை என்பேன். கேட்டவருக்கு சப்பென்று ஆகிவிடும். அடுத்து, "அப்போ அங்கே என்னதான் பண்ணீங்க?" என்பார். அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் இன்றைக்கு இங்கே பதில் சொல்ல வந்திருக்கிறேன். பைலட் ஆக ஆசைப்பட்டு, நடக்காது போலிருக்கிறதே என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் கேட்டால் நல்லது.

முதலில் ஒன்று. "நடக்காது போலிருக்கிறது" வேறு, "நடக்கவில்லை" வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மருத்துவக் குழு சொல்லவேண்டியதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று விண்ணப்பமே போடாமல் விட்ட பையன்கள் எத்தனையோ பேர். தகுதி இருந்தால் போட்டுவிடுங்கள். வேண்டாம் என்று சொல்வது அவர்கள் வேலை, நம் வேலை இல்லை.

ஆனால் சில கதவுகள் நிஜமாகவே மூடிவிடும். உயரம் 162.5 சென்டிமீட்டர் வேண்டும். அது தெரிந்த சங்கதி. தெரியாத சங்கதி, உட்கார்ந்த உயரத்துக்கும் அளவு உண்டு, 81.5 முதல் 96 வரை. கால் நீளம் 99 முதல் 120 வரை. தொடை நீளம் 64-ஐத் தாண்டக்கூடாது. ஆறடிக்கு மேல் வளர்ந்த பையனை, "இவனுக்கென்ன, ராஜா மாதிரி இருக்கான்" என்று ஊரே சொல்லும். அங்கே தொடை நீளத்தில் அடிபட்டுப் போவான். ஏன் இந்தக் கெடுபிடி? ஆபத்து வந்தால் விமானியை இருக்கையோடு மேலே தூக்கி எறியும் ஏற்பாடு போர் விமானத்தில் இருக்கிறது. அந்த நொடியில் முழங்கால் முன்பலகையில் இடிக்காமல் வெளியே வரவேண்டும். இதற்குச் சிபாரிசு எடுபடாது, உழைப்பும் எடுபடாது.

வயது இன்னொரு கதவு. விமானப்படை அதிகாரிகளுக்கான நுழைவுத் தேர்வான ஏஃப்கேட் வழியாகப் பறக்கும் பிரிவுக்கு 20 முதல் 24 வரை, தரைப்பணிப் பிரிவுகளுக்கு 26 வரை. மூன்றாவது, விமானிகளுக்கு மட்டுமே வைக்கும் கணினித் தேர்வு. கண்ணும் கையும் காலும் சேர்ந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பது. இதை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுதலாம். மறுபடி சொல்கிறேன், ஒரே ஒரு முறை. அதில் தவறியவர் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை.

இந்த இடத்தில் எல்லாரும் கலாம் அவர்களின் கதையைச் சொல்வார்கள். டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போனார், எட்டுப் பேரை எடுத்தார்கள், இவர் ஒன்பதாவது. எனக்கு அந்தக் கதை மேல் மதிப்பு உண்டு, அதை ஆறுதலுக்குச் சொல்வதில்தான் உடன்பாடு இல்லை. இருபத்திரண்டு வயதுப் பிள்ளையிடம் போய், "கவலைப்படாதே, நீ ஜனாதிபதி ஆவாய்" என்றால் அவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? அவனுக்கு வேண்டியது அடுத்த விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்பது.

சரி, நான் என்ன பண்ணினேன்? விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு. கோபுரத்தில் உட்கார்ந்து, "இறங்கலாம், ஏறலாம்" என்று சொல்லும் வேலை என்று நினைப்பீர்கள். அதுவும் உண்டு. ஆனால் மழைக்காலத்து இரவில், ஓடுபாதை கண்ணுக்கே தெரியாதபோது, தனி ஆளாக ஒரு விமானி போர் விமானத்தோடு திரும்பி வருகிறார் என்று வையுங்கள். எரிபொருள் குறைந்துகொண்டே வருகிறது. கீழே ஒரு ரேடார் முன்னால் ஓர் அதிகாரி. அந்தத் திரையை உங்களுக்குப் படம் போட்டுக் காட்ட முடியாது, விட்டுவிடுகிறேன். அவர் செய்வது பேசுவது. "இரண்டு டிகிரி இடதுபுறம். சரியான பாதையில் இருக்கிறீர்கள். கொஞ்சம் உயரத்தில் இருக்கிறீர்கள், இறக்குங்கள். சரி. சரியான பாதை." இப்படி விடாமல். கடைசிக் கட்டத்தில், "இனி எனக்குப் பதில் சொல்லவேண்டாம்" என்று விமானியிடம் சொல்லிவிடுவார். அப்புறம் ஒரு குரல்தான், ஒரு பக்கமாக.

அதற்கு ஒரு விதி உண்டு. ஐந்து நொடிக்கு மேல் அந்தக் குரல் நிற்கக்கூடாது. நின்றால் தொடர்பு அறுந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு விமானி இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏறிவிடவேண்டும். ஐந்து நொடி. இந்த வானொலியில் நான் இப்போது ஐந்து நொடி வாயை மூடினால் நீங்கள் பெட்டியைத் தட்டிப் பார்ப்பீர்கள். அங்கே மேலே இருப்பவர் எரிபொருள் முள்ளைப் பார்ப்பார்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த மூத்த அதிகாரி ஒருவர். இரவுப் பணி இருந்தால் மத்தியானத்திலிருந்து காரம் தொடமாட்டார், ஐஸ் தண்ணீர் குடிக்கமாட்டார். இருமல் வந்துவிடும் என்று பயம். மெஸ்ஸில் எல்லாரும் சிரிப்பார்கள். "கச்சேரியா சார் இன்னிக்கு?" என்று கேட்பார்கள். அவர் கண்டுகொள்ளமாட்டார். எங்களை எதிரில் உட்காரவைத்து, சாதாரணமாகச் செய்தித்தாளை வாசிக்கச் சொல்வார். நடுவில் காதருகே தட்டைப் போட்டு உடைப்பார். குரல் ஒரு இழை உயர்ந்தாலும், "முதலிலிருந்து வாசி" என்பார். "மேலே இருப்பவனுக்குப் பயம் ஏற்கெனவே இருக்கிறது, உன்னுடையதையும் அனுப்பாதே" என்பது அவர் வாக்கு. பின்னாளில் ஒரு மோசமான இரவில் அவர் ஒரு விமானத்தை இறக்கிவிட்டு, ஒலிவாங்கியை அணைத்தபிறகு இருமினார் பாருங்கள், நிற்கவே இல்லை. அத்தனை நேரமும் அடக்கி வைத்திருந்திருக்கிறார்.

அவரும் பைலட் ஆகத்தான் வந்தவர். ஆனால் அவர் வாயிலிருந்து ஒருநாளும் அந்தப் பேச்சு வந்து நான் கேட்டதில்லை. வேறு சிலரையும் பார்த்திருக்கிறேன். நல்ல பதவியில் இருப்பார்கள், இருபது வருடம் கழித்தும், "நான் பறந்திருக்கவேண்டியவன்" என்று புலம்பிக்கொண்டு. அவர்களிடம் வேலை பார்ப்பது கஷ்டம். கிடங்கில் உதிரிபாகம் இல்லாமல் விமானம் நிற்கும், இவர் தன் பழைய கனவோடு நிற்பார்.

இதே குடும்பத்தில் இன்னொரு வேலை, போர் விமானங்களை ரேடார் வழியாக வழிநடத்துவது. என் வேலைக்கும் இதற்கும் நிர்வாகப் பிரிவிலிருந்துதான் எடுப்பார்கள். நிர்வாகம் என்றால் கோப்பும் முத்திரையும் என்று நினைத்து அந்தக் கட்டத்தில் டிக் போடாமல் விடுகிறவர்கள் கவனிக்கவும். 2019 பிப்ரவரி 27, பாகிஸ்தான் விமானங்களோடு வானில் மோதல் நடந்து, நம் விமானி அபிநந்தன் பெயரை நாடே சொன்ன நாள். அன்று ரேடார் திரையின் முன் அமர்ந்து நம் விமானங்களை வழிநடத்தியவர்களில் ஸ்க்வாட்ரன் லீடர் மின்டி அகர்வால் ஒருவர். அதற்காக யுத்த சேவா பதக்கம் பெற்றார். அதைப் பெற்ற முதல் பெண் அவர். ஒரு விமானமும் ஓட்டாமல்.

பொறியியல் படித்தவர்களுக்குத் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. விமானம் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போடும் பொறுப்பு. அந்தக் கையெழுத்து இல்லாமல் எந்த சூரரும் ஏறமுடியாது. 2022-ல் ஆயுத அமைப்புகள் பிரிவு என்று ஒன்று புதிதாக வந்தது. ஏவுகணைகள், ஆளில்லா விமானங்கள், இரண்டு பேர் போகும் விமானத்தில் ஆயுதங்களை இயக்கும் அதிகாரி, எல்லாம் அதில் அடக்கம். ஆக, மேலே போகவும் அங்கே ஒரு வழி இருக்கிறது, ஓட்டாமலே.

மறைக்காமல் ஒன்று சொல்லவேண்டும். விமானப்படைத் தளபதி ஆனவர்கள் எல்லாரும் விமானிகள்தான். தரைப்பணியில் நுழைந்தால் அந்த நாற்காலி கிடையாது என்று தெரிந்தே நுழையுங்கள். பறப்பவர்களுக்குத் தனிப்படியும் உண்டு. தொடக்கத்தில் அடிப்படைச் சம்பளம் எல்லாருக்கும் ஒன்றுதான், 56,100 ரூபாய். குறுகிய காலப் பணி என்றால் விமானிக்கு 14 வருடம். தரைப்பணிக்கு முதலில் 10, பிறகு 4 நீட்டிக்கலாம்.

ஐந்து நாள் நேர்முகத் தேர்வில் பார்ப்பது நீங்கள் அதிகாரி ஆகத் தகுதியா என்பதை. கதை எழுதச் சொல்வது, குழுவோடு தடையைத் தாண்டச் சொல்வது எல்லாம் எல்லாப் பிரிவுக்கும் ஒன்றே. விமானித் தேர்வு அதற்கு மேல் ஒரு கூடுதல் படி. ஆகவே விண்ணப்பத்தில் விருப்ப வரிசை கேட்கும்போது, இரண்டாவது மூன்றாவது இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு எதையாவது போடாதீர்கள். பொருள் வழங்கும் பிரிவைப் போட்டிருந்தால், "ஏன் லாஜிஸ்டிக்ஸ்?" என்று எதிரில் இருப்பவர் கேட்பார். "பைலட் கிடைக்கலைன்னா..." என்று இழுத்தால் அவருக்கு உடனே தெரியும். அந்த வேலையைப் பற்றி இரண்டு நிமிடம் ஆர்வமாகப் பேசமுடிந்தால் மட்டும் எழுதுங்கள். முடியவில்லையா, அதை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். வானிலைப் பிரிவைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், முடியாது போலிருக்கிறது. வானிலை அதிகாரி காலையில் வந்து இன்றைய வானம் இப்படி என்று சொன்னபிறகுதான் பறப்பதே தொடங்கும், அவ்வளவு சொன்னால் போதும். கடற்படையில் அப்சர்வர் என்று ஒரு பதவி. நம் அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து கிளம்பும் பி-8ஐ விமானங்களில் கடலைத் துழாவுவது அவர்கள் வேலை. தரைப்படைக்கும் 1986 முதல் தனி விமானப் பிரிவு இருக்கிறது, ஹெலிகாப்டர்கள். அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் அகாடமி ஒன்று நம் பரங்கிமலையிலேயே. ஏஃப்கேட் அறிவிப்பு வருடத்துக்கு இரண்டு முறை, வழக்கமாக ஜூன், டிசம்பர் வாக்கில் வரும். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் எடுத்தவர்களுக்கே பறக்கும் பிரிவும் தொழில்நுட்பப் பிரிவும், அதை... சரி, சரி, முடித்துவிட்டேன். வணக்கம்.