ரவுட்டர் கொம்பை பெட்ரூம் பக்கம் நீட்டி வைத்திருக்கிறீர்களா? போச்சு!

வணக்கம் மக்களே. பெட்ரூமில் சிக்னல் வரவில்லை என்று ரவுட்டரின் கொம்பைச் சாய்த்து, துப்பாக்கி மாதிரி அந்த ரூமைக் குறிபார்த்து வைப்பவர்கள் கையைத் தூக்குங்கள். சிக்னல் ரொம்பக் குறைவாகப் போகிற திசையைத் தேடிப் பிடித்து அங்கே திருப்பியிருக்கிறீர்கள்! ஏன் என்று சொல்கிறேன், அதற்கு முன்னால் டூயல் பேண்ட் கதையை அரை நிமிடத்தில் முடித்துவிடலாம்.

பெட்டிக்குள் ரேடியோ இரண்டு. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றது 5. இரண்டும் ஒரே நேரத்தில் தனித்தனியாகப் பேசும். 2.4 சுவரைத் தாண்டிக் கொஞ்சம் தூரம் போகும், ஆனால் அங்கே ஒன்றோடொன்று இடிக்காத சேனல் 1, 6, 11 என்று மூன்றே மூன்று, அதற்குத்தான் தெருவே அடித்துக்கொள்கிறது, போதாததற்கு மைக்ரோவேவ் அடுப்பும் 2.45இல் வந்து நிற்கும். 5இல் இடம் தாராளம், வேகமும் அதிகம், கான்கிரீட் சுவர் வந்தால் மூச்சு வாங்கும். அவ்வளவுதான்.

சரி, கொம்புக்கு வருவோம். 2.4 மட்டும் உள்ள, செத்துப்போன பழைய ரவுட்டர் ஒன்றின் கொம்பை உரித்து வைத்திருக்கிறேன், கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன், பாருங்கள். வெளியே ஒரு சாண் பிளாஸ்டிக். உள்ளே மெல்லிய ஒயர், நுனிக்குக் கீழே இரண்டு விரற்கடை நீளத்துக்குப் பித்தளைக் குழாய், அதற்கு மேலே கிட்டத்தட்ட அதே நீளத்துக்கு வெறும் கம்பி. மீதியெல்லாம் காற்று! காசு கொடுத்துக் காற்றை வாங்கியிருக்கிறோம். ஆனால் கணக்குப் போட்டால் இவ்வளவே போதும்: 2.4இன் அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், அதில் கால் பங்கு மேலே, கால் பங்கு கீழே. 5இன் அலை அதில் பாதிக்கும் குறைவு, அதற்கான துண்டும் அப்படியே சிறுத்துவிடும்.

இப்போது இந்தக் கம்பியை ஒரு உளுந்த வடையின் ஓட்டையில் செருகுங்கள். (நிஜமாகவே வடை வாங்கி வந்திருக்கிறேன், சிரிக்காதீர்கள்.) சிக்னல் பரவுகிற வடிவம் இதுதான்: கம்பியைச் சுற்றிப் பக்கவாட்டில் கொழுத்த மாவு, நுனி பார்க்கிற திசையில் ஓட்டை. நீங்கள் பெட்ரூமுக்கு அனுப்பிக்கொண்டிருப்பது அந்த ஓட்டையைத்தான்! சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் ஏதோ கொஞ்சம் கிடைக்கிறது.

அதனால் ஒரே தளம் என்றால் கொம்பு நேராக நிற்கட்டும். மாடிக்கும் வேண்டுமா, ஒன்றைப் படுக்க வையுங்கள், வடையும் எழுந்து நின்றுகொள்ளும். அப்புறம், ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பவர்கள் கமெண்டில் வந்து ஒப்புக்கொள்ளுங்கள், உங்களுக்குக் கொம்பு எப்படி இருந்தாலும் ஒன்றுதான். நான் வடையைச் சாப்பிடப் போகிறேன்.