ஒரு மாவட்டத்துக்கென்றே ஒரு தொலைக்காட்சி: கேடாவின் கதை

வணக்கம் நேயர்களே. அரசுத் தொலைக்காட்சி என்றாலே டெல்லியிலிருந்தோ மாநிலத் தலைநகரிலிருந்தோ வருவது என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். குஜராத்தின் கேடா மாவட்டத்திலோ, 1975-ஆம் ஆண்டிலேயே, அந்த ஒரு மாவட்டத்து மக்களை மட்டும் மனத்தில் வைத்து ஒரு தொலைக்காட்சிச் சேவை தொடங்கியது. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகளை அனுப்பும் ‘சைட்’ சோதனையும் தொடங்கியது. உலகமே கவனித்தது அதைத்தான். ஆனால் ராஜஸ்தானின் வறண்ட கிராமத்துக்கும் பீகாரின் ஆற்றங்கரைக் கிராமத்துக்கும் ஒரே நிகழ்ச்சியை அனுப்பும்போது, ஊர்ப் பெயரைச் சொல்லி, ஊர்க்காரரைக் காட்டி, ஊர்ப் பிரச்சினையைப் பேச முடியாது. கேடாவில் அது முடிந்தது. அகமதாபாத்தில் உள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் தூர்தர்ஷனுடன் இணைந்து நிகழ்ச்சிகளைத் தயாரிக்க, பீஜ் என்ற கிராமத்தில் நிறுவப்பட்ட 1 கிலோவாட் ஒளிபரப்பி அவற்றைச் சுற்றுவட்டார ஊர்களுக்குக் கொண்டு சேர்த்தது.

வீடுதோறும் பெட்டி இல்லாத காலம் அது. சுமார் 400 கிராமங்களில் பொதுவான தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. அவற்றில் பல, பால் கூட்டுறவுச் சங்கக் கட்டடங்களில் இருந்தன. அமுல் பிறந்த மண் அல்லவா? மாலையில் பாலை ஊற்றி, அளவையும் கொழுப்பையும் குறித்துக்கொண்ட பின், எப்படியும் கூடுகிற இடத்திலேயே அமர்ந்து நிகழ்ச்சியையும் பார்க்கலாம். கூட்டம் கூட்டுவதற்கென்று தனியாக யாரும் அலையத் தேவையில்லாத இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நிகழ்ச்சி தயாரித்த விதம் அதைவிடச் சுவையானது. ஒரு தோளில் பதிவுக்கருவியும் மறு தோளில் அதனுடன் கம்பியால் இணைந்த கேமராவுமாக, அரை அங்குல நாடாவில் ஊருக்குள்ளேயே படம் பிடித்தார்கள். கிராமத்து மக்களே நடித்தார்கள்; சிலர் கதையும் எழுதினார்கள். படப்பிடிப்புக்கு முன்பே சமூக ஆய்வாளர்கள் ஊருக்குச் சென்று, மக்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள், எதைப் பேசத் தயங்குகிறார்கள் என்று கேட்டறிந்தார்கள். தீண்டாமை, குடிப்பழக்கம், பெண்களின் நிலை, விவசாயக் கூலிகளுக்குச் சட்டப்படி சேர வேண்டிய குறைந்தபட்சக் கூலி என்று, அதிகாரிகளுக்கும் நிலவுடைமையாளர்களுக்கும் தர்மசங்கடமான விஷயங்கள் அரசின் அலைவரிசையிலேயே ஒளிபரப்பாயின. 1918-இல் வரிகொடா இயக்கம் நடத்திய மாவட்டம் இது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இதை நான் பொற்காலமாக வருணிக்க மாட்டேன். கூலியைப் பற்றிய நிகழ்ச்சியைக் கூலிக்காரர், தனக்கு வேலை கொடுப்பவருடன் ஒரே கூடத்தில் அமர்ந்து பார்க்க வேண்டியிருந்தால், அவர் எவ்வளவு தாராளமாகத் தலையாட்டுவார்? பெட்டி எந்தத் தெருவில் இருக்கிறது, அந்தத் தெருவுக்குள் யாரெல்லாம் கூச்சமின்றி நுழைய முடியும் என்பதும் நிகழ்ச்சியின் ஒரு பகுதிதான். கேமரா சரியான பக்கம் திரும்பிவிட்டால் போதும் என்று நினைக்கிற என்னைப் போன்றவர்கள் இதைக் கவனிக்கத் தவறிவிடுகிறோம்.

ஊரகத் தகவல்தொடர்புக்காக 1984-இல் யுனெஸ்கோவின் பரிசு கேடாவுக்குக் கிடைத்தது. மறு ஆண்டே பீஜ் ஒளிபரப்பியை அங்கிருந்து அகற்ற முடிவெடுத்தார்கள். எங்கே கொண்டுபோக என்று கேட்டால் நமக்குக் கொஞ்சம் உறுத்தும்: நம்முடைய சென்னையில் இரண்டாவது அலைவரிசை தொடங்குவதற்காக! பரிசு வாங்கிய சேவையை விட, நகரத்துப் பார்வையாளர்களும் அவர்களைத் தேடி வரும் விளம்பரங்களும் முக்கியமாகிவிட்ட காலம் அது. கேடா மக்கள் இந்த முடிவை எதிர்த்தார்கள். நிலையம் தங்களுடையது என்ற எண்ணம் அவர்களுக்கு வந்திருந்தது என்பதற்கு, எந்தப் பார்வையாளர் கணக்கெடுப்பையும் விட இந்த எதிர்ப்பையே நான் பெரிய சான்றாகக் கொள்வேன்.

வெள்ளமும் தேர்தலும் இல்லாத ஒரு சாதாரண நாளில், உங்கள் ஊருக்கு அரசுத் தொலைக்காட்சியின் கேமரா எப்போதாவது வந்திருக்கிறதா? வந்திருந்தால், எதைப் படமெடுத்தார்கள், யாரிடம் பேசினார்கள் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த காணொலியில் நம் வட்டாரத்துப் பழைய ஒளிபரப்புகளைப் பற்றிப் பேசுவதற்கு அது உதவும். நன்றி, வணக்கம்.