கவர்னஸை வாட்டியது அவமானமா, வருமானமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'ஆங்கில நாவல்களில் வரும் கவர்னஸைப் பெரிதும் வாட்டியது அவமானமா, வருமானமா?' இதுதான் தலைப்பு. வருமானக் குறைவே என்று வாதாடுகிற அணி எங்களுடையது. எனக்கு முன்னால் பேசிய அவமான அணித் தலைவி அரங்கையே உருக்கிவிட்டார். பணக்கார வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் பெண். எஜமானியோடு சரிசமமாக உட்கார முடியாது, வேலைக்காரர்களோடும் ஒட்ட முடியாது, அந்த இரண்டுங்கெட்டான் நிலைதான் அவள் துயரம் என்றார். 'ஜேன் அயர்' நாவலில் கவர்னஸான ஜேன் அதே அறையில் ஓரமாக உட்கார்ந்திருக்கும்போது, பிளான்ச் இங்க்ராம் என்ற சீமாட்டி தனக்கு வாய்த்த கவர்னஸ்களில் பாதிப் பேர் சகிக்க முடியாதவர்கள், மீதிப் பேர் கேலிக்கூத்து என்று சொல்வதை நடித்தே காட்டினார்.

சரி, அந்த பிளான்ச் அம்மையார் எதற்காக அந்த வீட்டில் டேரா போட்டிருந்தார்? வீட்டு எஜமானர் ரோசெஸ்டரின் சொத்துக்காக. சொத்து நினைத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்று ஒரு வதந்தி காதில் விழுகிறது. அம்மையாரின் அன்பு அன்றே ஆறிப்போகிறது. பணம் குறைந்தால் சீமானுக்கே அந்த கதி! 'இல்லாரை எல்லாரும் எள்ளுவர்' என்று வள்ளுவர் சும்மாவா சொன்னார்? எள்ளல் உண்டு, மறுக்கவில்லை. இல்லாமைதான் அதற்கு வாசல் திறந்துவிடுகிறது என்கிறோம்.

எதிரணிக்குப் பிடித்த சாட்சியையே கூப்பிடுகிறேன். எலிசபெத் ரிக்பி. 1848 டிசம்பரில் 'குவார்ட்டர்லி ரிவ்யூ' இதழில் 'ஜேன் அயர்' நாவலைக் கிழித்துத் தோரணம் கட்டியவர். கவர்னஸ் யார் என்று அதே கட்டுரையில் அவரே சொல்கிறார்: பிறப்பிலும் பண்பிலும் படிப்பிலும் நமக்குச் சமமானவள், செல்வத்தில் மட்டும் நமக்குக் கீழே. அதோடு விட்டாரா? ஊதாரித்தனத்தாலும் தவறுகளாலும் குற்றங்களாலும் கெட்டுப்போகும் தகப்பன்மார் சிலர் இருந்தால்தான் நமக்கு கவர்னஸ் அறுவடை ஆகும் என்று கூசாமல் எழுதுகிறார். பரம்பரைப் பெருமை பேசுகிற அந்த அம்மையாருக்கே விஷயம் தெரிந்திருக்கிறது.

அந்தத் தகப்பன்மாரைப் பாருங்கள். ஆன் பிராண்ட்டே 1847-இல் எழுதிய 'ஆக்னஸ் கிரே'. அப்பா பாதிரியார், இருந்த கொஞ்சம் பணத்தை ஒரு வியாபாரியை நம்பிக் கொடுக்கிறார், கப்பல் கவிழ்கிறது, குடும்பமும் கவிழ்கிறது, மகள் பெட்டியைக் கட்டுகிறாள். ஜேன் ஆஸ்டினின் 'எம்மா'வில் ஜேன் ஃபேர்ஃபாக்ஸ், கர்னல் கேம்பெல் வீட்டில் அவர் மகளோடு ஒன்றாக வளர்ந்தவள். வளர்ப்பில் வித்தியாசம் கிடையாது. கர்னல் மகளுக்கு 12,000 பவுண்டு வரும். இவளுக்கு அப்பா வைத்துப்போனது சில நூறு. அதனால்தான் ஒருத்திக்கு மாப்பிள்ளை, இன்னொருத்திக்கு கவர்னஸ் வேலை. வேலை தேடித் தரும் அலுவலகங்களை, மனித அறிவை விற்கும் கடை என்கிறாள் அவள். விற்பனை என்றாள், நடுவர் அவர்களே.

இனிச் சம்பளம். ஆக்னஸுக்கு முதல் வீட்டில் வருடத்துக்கு 25 பவுண்டு. இரண்டாவது வேலைக்கு விளம்பரம் எழுதும்போது இசை, பாட்டு, ஓவியம், பிரெஞ்சு, லத்தீன், ஜெர்மன் என்று அம்மா வரிசையாகப் போடச் சொல்லி, 50 கேள் என்கிறாள். ஜேன் அயருக்கு லோவுட் பள்ளியில் 15, ரோசெஸ்டரின் தார்ன்ஃபீல்டு மாளிகையில் 30. கதையை விடுங்கள், கதாசிரியர் சார்லட் பிராண்ட்டேயே 1841-இல் ராடன் என்ற ஊரில் ஒரு வீட்டுக்கு கவர்னஸாகப் போனார். பேசிய சம்பளம் 20 பவுண்டு. துணி வெளுக்கும் செலவைப் பிடித்துக்கொண்டால் கைக்கு வருவது 16தான் என்று கடிதத்தில் எழுதுகிறார். தங்க இடமும் சாப்பாடும் உண்டு, உண்மைதான். ஆனால் அந்த வீட்டுக்கு ஏற்ற உடுப்பு, ஊருக்குப் போகவர வண்டிக் கூலி, ஒரு வேலை போய் மறுவேலை கிடைக்கும்வரை வாடகை, வயதான பிறகு கஞ்சி எல்லாம் இந்தப் பணத்திலிருந்துதான் வரவேண்டும். 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 25,000 கவர்னஸ்கள். அத்தனை பேர் வரிசையில் நின்றால் சம்பளம் எப்படி ஏறும்? முதுமையில் கைவிடப்பட்டவர்களுக்காக 1843-இல் ஒரு நலச் சங்கமே தொடங்க வேண்டியிருந்தது. அந்தச் சங்கம் கொடுத்தது மரியாதைப் பட்டயம் அல்ல, ஓய்வூதியம்.

தார்ன்ஃபீல்டில் ஒரு காட்சி. சாகக் கிடக்கும் அத்தையைப் பார்க்க ஜேன் விடுமுறை கேட்கிறாள். கையில் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்கிறார் ரோசெஸ்டர். ஐந்து ஷில்லிங். அவர் 50 பவுண்டு நோட்டை நீட்டுகிறார். 'நீங்கள் தரவேண்டியது 15தான், என்னிடம் சில்லறை இல்லை' என்கிறாள். 50-ஐக் கொடுத்தால் மூன்று மாதம் திரும்பி வரமாட்டாய் என்று சொல்லி, அவர் 10 பவுண்டு மட்டும் தருகிறார். உடனே அவள், 'சரி ஐயா, இப்போது எனக்கு 5 பாக்கி.' திரும்பி வந்து வாங்கிக்கொள் என்கிறார் அவர். எதிரணி இதைக் காதல் காட்சி என்பார்கள். காதல்தான், ஆனால் சம்பள பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு செய்கிற காதல்!

பிறகு, ரோசெஸ்டருக்கு ஏற்கெனவே மனைவி இருப்பது தெரிந்து அதே வீட்டை விட்டு ஓடும்போது அவள் பையில் 20 ஷில்லிங், அதாவது ஒரே ஒரு பவுண்டு. வண்டிக்காரன் 30 ஷில்லிங் கேட்கிறான். கொடுத்த காசுக்கு எவ்வளவு தூரமோ அதுவரை கொண்டுபோய், ஆளரவமற்ற நாற்சந்தியில் இறக்கிவிடுகிறான். பன்றிக்குக் கொட்டவிருந்த ஆறிய கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். கடைசியில் சித்தப்பாவின் 20,000 பவுண்டு வருகிறது. உறவினர் மூவரோடு பங்கிட்டுத் தனக்கு 5,000 வைத்துக்கொள்கிறாள். அதன் பிறகுதான் ரோசெஸ்டர் முன்னால் தன் காலில் நிற்கிறவளாகப் போய் நிற்கிறாள்.

இன்னொரு கணக்கு. அதே வீட்டின் மாடியில் கிரேஸ் பூல். ரோசெஸ்டரின் பைத்தியம் பிடித்த மனைவியைக் காவல் காக்கிறவள். பிரெஞ்சும் ஓவியமும் தெரியாது. அவள் வாங்குவதில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தனக்கு இல்லை என்கிறாள் இன்னொரு வேலைக்காரி. வருடம் 200 பவுண்டு தருகிறேன் என்று பின்னால் ரோசெஸ்டரே சொல்கிறார். அவளுக்கு எந்தச் சீமாட்டியின் ஏளனமும் உறைக்கவில்லை. ஏன் என்று எதிரணி யோசிக்கட்டும்.

1892-இல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸ் கதை ஒன்றில் வயலட் ஹன்டர். ஐந்து வருடம் மாதம் 4 பவுண்டுக்கு வேலை பார்த்த வீட்டார் கனடா போய்விட, வேலை போகிறது. வாராவாரம் ஏஜென்சி வாசலில் நிற்கிறாள். ஒருவர் வருடத்துக்கு 100 பவுண்டு தருகிறேன், தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொள் என்கிறார். அடர்ந்த அழகான முடி. மறுத்துவிடுகிறாள். இதைவிட அவமானமான நிபந்தனை உண்டா? மறுத்தாளே, சபாஷ். அறைக்குத் திரும்பி அலமாரியைத் திறந்தால் உணவு அநேகமாக இல்லை, மேஜையில் கட்டவேண்டிய இரண்டு மூன்று பில்கள். வேண்டாம் என்றது தப்போ என்று மனம் தடுமாறுகிறது. அடுத்து 120 என்று கடிதம் வருகிறது. முடி போய்விட்டது. 40 பவுண்டுக்கு யார் வேண்டுமானாலும் கிடைக்கும்போது ஏன் 120 என்று ஹோம்ஸ் சந்தேகப்படுகிறார் பாருங்கள், அந்த 40தான் சந்தை விலை. ஹென்றி ஜேம்ஸின் 1898 பேய்க்கதையில் பெயரே இல்லாத கவர்னஸ், என்ன நடந்தாலும் எனக்குத் தகவல் சொல்லாதே என்ற எஜமானரின் விபரீத நிபந்தனைக்கு ஒப்புக்கொள்கிறாள். எதிர்பார்த்ததைவிடச் சம்பளம் அதிகம் என்பது அதற்கு ஒரு காரணம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஆக்னஸ் கிரேயில் டாம் என்ற சிறுவன் பறவைக் குஞ்சுகளைச் சித்திரவதை செய்யக் கூட்டோடு கொண்டுவருகிறான். வேறு வழியின்றி ஆக்னஸ் ஒரு பெரிய கல்லைப் போட்டு அவற்றை ஒரே அடியில் கொன்றுவிடுகிறாள். பிள்ளையின் விளையாட்டைக் கெடுத்தாயே என்று தாய் கோபிக்கிறாள். பையனைக் கண்டிக்க அதிகாரம் கிடையாது, அவன் கெட்டால் பழி மட்டும் உண்டு. இந்த வேதனைக்குப் பவுண்டு கணக்கு முழு மருந்தாகாது. ஆனாலும் அந்த வீட்டிலேயே அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்ததற்கு, ஊரில் கடனோடு இருந்த குடும்பம் காரணமில்லையா?

தாக்கரேயின் 'வேனிட்டி ஃபேர்' நாவலில் கவர்னஸாக வரும் பெக்கி ஷார்ப்பைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வருடம் 5,000 பவுண்டு இருந்தால் நானும் நல்லவளாக இருப்பேன் என்று அவளே சொல்லிவிட்டாள். எங்கள் அணியில் ஐந்தாவது நாற்காலி போட்டிருந்தால் வந்து உட்கார்ந்திருப்பாள்.

அடுத்து வரும் எதிரணி நண்பர் 'எம்மா'விலிருந்து எம்மாவின் கவர்னஸ் மிஸ் டெய்லரைக் கொண்டுவருவார் என்று தெரியும். 16 வருடம் கவர்னஸ் என்பதைவிடத் தோழியாக இருந்தாள், அவமானம் இல்லை, ஆகவே துன்பமும் இல்லை என்பார். அவளும் கையில் ஒன்றுமில்லாதவள்தான். வியாபாரத்தில் சம்பாதித்து ராண்டல்ஸ் வீட்டை வாங்கிய வெஸ்டன், சீர்வரிசை கேட்காமல் கட்டிக்கொண்டார். எம்மாவுக்கு வயது 21 ஆகப்போகிறது, சொல்லித் தரப் பாடம் மிச்சமில்லை. வெஸ்டன் வந்திருக்காவிட்டால் மிஸ் டெய்லர் எந்தப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருப்பார், எவ்வளவு சம்பளம் கேட்டிருப்பார்? நண்பர் முதலில் அதற்குப் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.