குதிரை பாத்துச்சா, அவன் பாத்தானா? மாசாய் மக்களோட மா மொழி

வணக்கம் மக்களே! கென்யாவுல நாரோக் டவுன்ல நிக்கறேன். பின்னாடி ஹாரன் சத்தம் மட்டாட்டு வேனோடது, பொறுத்துக்கோங்க. மாசாய்னாலே செவப்புத் துணி போத்திக்கிட்டு குதிக்கறத ரீல்ஸ்ல பாத்திருப்பீங்க. அத நான் எடுக்கல. நம்ம டிரைவர் அண்ணன் மாசாய்தான், வழியெல்லாம் அவரப் போட்டு பாஷைதான் நோண்டினேன்.

இவங்க பேசறது மா. வடக்க இருக்கற சாம்புரு மக்களும் இதத்தான் பேசறாங்க. 'எடொல் எம்பார்டா'ன்னு ஒரு வரி. எடொல்னா பாக்கறது, எம்பார்டான்னா குதிரை. வினைச்சொல் மொதல்லயே வந்துடும், நமக்கு நேர் தலைகீழ். கூத்து என்னன்னா, அவன் குதிரையப் பாக்கறான்னாலும் இதே வரிதான், குதிரை அவனப் பாக்குதுன்னாலும் இதே வரிதான்! நாம ஒரு 'ஐ' போட்டு வேலைய முடிச்சிடுவோம். அவங்களுக்கு எம்பார்டாவுல குரல் ஏறுதா எறங்குதாங்கறதுதான் வேற்றுமை உருபே. அண்ணன் ரெண்டையும் மாத்தி மாத்திச் சொல்லிட்டு என் மூஞ்சியப் பாத்துச் சிரிக்கறாரு. எழுதறப்ப பெரும்பாலும் இந்த ஏத்த எறக்கத்துக்கு குறியே போடறதில்ல, படிக்கறவங்களே இடம் பாத்துப் புரிஞ்சுக்கணும்.

இன்னொண்ணு. ஓல்டொய்ன்யோன்னா மலை, ஆண்பால். அதையே பெண்பாலாக்கி எண்டொய்ன்யோன்னா குன்று. பெருசுன்னா ஆம்பளையான்னு சண்டைக்கு வராதீங்க, அவங்க சாமி எங்காய் பெண்பால்தான். தான்சானியாவுல ஓல் டொய்ன்யோ லெங்காய்னு எரிமலை இருக்குல்ல, அது அந்தச் சாமியோட மலை.

நைரோபிங்கற பேர் கூட மா மொழிதான். பேர் நின்னுடுச்சு, நிலம்தான் நிக்கல. 1904ல பிரிட்டிஷ்காரன் மாசாய் மக்களோட ஒப்பந்தம் போட்டு ரிஃப்ட் பள்ளத்தாக்கு மேய்ச்சல் நிலத்த வாங்கிக்கிட்டான். பதிலுக்கு வடக்க லைகிப்பியா உங்களுக்கு, உங்க இனம் இருக்கறவரைக்கும்னு எழுதிக் குடுத்தான். ஏழே வருஷம். 1911ல இன்னொரு ஒப்பந்தம், லைகிப்பியாவும் போச்சு, மாட்டோட மனுஷனையும் தெக்க ஓட்டிட்டான். சும்மா விடல, கோர்ட்டுக்குப் போனாங்க. 1913ல தள்ளுபடி. காரணம் கேளுங்க: இது ரெண்டு அரசுக்கு நடுவுல போட்ட உடன்படிக்கையாம், கோர்ட் தலையிட முடியாதாம். ஆள்றது நீ, கேஸுன்னு வந்தா மட்டும் அவங்க வேத்து நாடா?

சட்டம் படிச்சவங்க யாராவது பாத்தா, இந்தத் தீர்ப்பப் பத்தி கமெண்ட்ல எழுதுங்க. அண்ணன் வண்டிய எடுத்துட்டாரு, வரேன் மக்களே!