பஞ்சில் குடியிருக்கும் உயிர்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

முதன்முதலில் மீன் வளர்க்கத் தொடங்கியபோது, வாரம் தவறாமல் தொட்டியைக் கழுவிவிடுவேன். மீன்களை ஒரு பாத்திரத்துக்கு மாற்றி, பழைய தண்ணீர் முழுவதையும் கொட்டி, கூழாங்கற்களைக் குழாயடியில் அலசி, ஃபில்டர் பஞ்சை அழுக்கே இல்லாமல் போகும்வரை பிழிந்து, புதுத் தண்ணீர் நிரப்புவேன். கண்ணாடி பளிச்சென்று இருக்கும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கப்பி மீன்கள் மேல்மட்டத்தில் வந்து நின்று வாயைத் திறந்து திறந்து மூடும். செவுள் மூடிகள் படபடவென்று அடித்துக்கொள்ளும். காலையில் ஒன்று மிதக்கும். மறுநாள் இன்னொன்று. சுத்தம் போதவில்லை என்று நினைத்து இன்னும் அடிக்கடி கழுவினேன். அந்த மீன்கள் செத்ததே நான் கழுவியதால்தான் என்று தெரிய வெகு காலம் ஆயிற்று. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. இன்று உங்களிடம் பேச வந்ததும் அதனால்தான்.

மீன் தன் உடம்பில் சேரும் அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியேற்றுகிறது. கழிவும், தின்னாமல் விட்ட தீனியும் அழுகும்போது அம்மோனியா மேலும் சேர்கிறது. ஏரியிலும் ஆற்றிலும் அது பரந்த நீரில் கரைந்துவிடும். தொட்டியில் அது எங்கே போகும்? அங்கேயே தங்கிச் செவுளை அரிக்கும். அதற்கு நிறம் கிடையாது, மீனைக் கொல்லும் அளவில்கூட நம் மூக்குக்குத் தெரியாது. தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது.

இந்த நஞ்சை முறிப்பவை பாக்டீரியாக்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் கொடியதுதான். அது மீனின் ரத்தத்தை ஆக்சிஜன் சுமக்க விடாது, ரத்தமே பழுப்பேறிப்போகும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அந்த அளவுக்குக் கேடு செய்யாது. தொட்டியில் செடி இருந்தால் அதை உரமாக எடுத்துக்கொள்ளும், மிச்சத்தைத் தண்ணீர் மாற்றும்போது நாம் வெளியேற்றிவிடலாம். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதைவிடக் கல்லிலும் கண்ணாடியிலும், எல்லாவற்றுக்கும் மேலாக ஃபில்டர் பஞ்சிலும் ஒட்டி வாழ்பவை. பஞ்சைத் தொட்டால் விரலில் வழுக்குகிறதே, அந்தப் பழுப்புப் பசை முழுவதும் அவை குடியிருக்கும் இடம். நான் வாரந்தோறும் பிழிந்து கொட்டியது அதைத்தான்.

அவற்றுக்கும் மூச்சுக் காற்று வேண்டும். சத்தம் கேட்கிறது என்று இரவில் ஃபில்டரை நிறுத்திவிடாதீர்கள். பல மணி நேரம் தண்ணீர் ஓடாவிட்டால் பஞ்சுக்குள் இருப்பவை மூச்சுத் திணறி மடியத் தொடங்கும்.

புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் வளர ஏறக்குறைய 4 முதல் 6 வாரம் ஆகும். தொட்டியும் மீனும் ஒரே நாளில் வாங்கி வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மீனை இழக்கிறார்கள். முதலில் தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஃபில்டரை ஓடவிட்டு, மீன் இல்லாமலேயே தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு வாருங்கள், அது அழுகி வரும் அம்மோனியாதான் இந்த பாக்டீரியாக்களுக்கு இரை. நீரைச் சோதிக்கும் கிட் ஒன்று அவசியம் வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்து, நைட்ரேட் தென்பட்டால் தொட்டி தயார். நண்பர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அதிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சு கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் வையுங்கள், காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறையும். அப்போதும் முதலில் இரண்டு மூன்று மீன்கள் போதும்.

பிறகு வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றினால் போதும். ட்யூப் வைத்து அடியில் உள்ள கசடோடு ஒரு வாளியில் இறக்குங்கள். பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தால் அந்த வாளித் தண்ணீரிலேயே மெதுவாக இரண்டு முறை பிழிந்து திரும்ப மாட்டுங்கள். குழாய்த் தண்ணீரில் காட்டவே கூடாது. கிருமியைக் கொல்லக் கலக்கும் குளோரின் இந்த நல்ல பாக்டீரியாவையும் கொல்லும், மீனின் செவுளையும் எரிக்கும். திறந்த வாளியில் ஒரு நாள் வைத்தால் குளோரின் பறந்துவிடும், குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் கலந்த நீரில் அப்படிப் போகாது. அதனால் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஊற்றும் நீரின் சூடும் தொட்டி நீரின் சூடும் ஒன்றாக இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள்.

சின்னத் தொட்டி பராமரிக்க எளிது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. 10 லிட்டர் தண்ணீரில் ஒரு மீன் செத்துக் கிடந்தாலே ஒரே இரவில் எல்லாம் கெட்டுவிடும். 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள தொட்டி சுமார் 54 லிட்டர் கொள்ளும். தொடங்குபவருக்கு அது எவ்வளவோ நிம்மதி. கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கமீன் விடுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். அது ஒரு சாணுக்கும் அதிகமாக வளரும் மீன், கழிவும் அதிகம். ஃபைட்டர் மீன் மேலே வந்து காற்றைக் குடிக்கக்கூடியது. அதனால் ஆக்சிஜன் குறைந்த நீரிலும் உயிரோடு இருக்கும், ஆனால் அம்மோனியா அதையும் விடாது. பாட்டிலில் அது வாழ்வதில்லை, நாளைக் கடத்துகிறது.

தீனி இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மேல் வேண்டாம். நம்மைக் கண்டதும் கண்ணாடியருகே ஓடி வருவது பசியால்தான் என்று எண்ணி அள்ளிப் போட்டுவிடுகிறோம். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டாலும் நலமான மீனுக்குக் கெடுதல் இல்லை.

உடம்பில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் வந்தால் அது வெண்புள்ளி நோய். தோலுக்குள் இருக்கும் கிருமியை மருந்து தொடாது, அது வெளியே வந்து நீரில் நீந்தும்போதுதான் சாகும். அதனால் புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

நாளைக் காலை உங்கள் மீன் மேலே வந்து வாயை அசைத்துக்கொண்டு நின்றால், உடனே நோய் மருந்தைத் தேட வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு நீரைக் குளோரின் நீக்கிய நீரால் மாற்றுங்கள். காற்று பம்ப்பை ஓடவிடுங்கள். அன்று தீனி போடாதீர்கள். தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, அம்மோனியா குறையவில்லை என்றால் மறுநாளும் அதேபோல் மாற்றுங்கள். பஞ்சை மட்டும் தொட வேண்டாம்.

நன்றி, வணக்கம்.