மனம் கனக்கும்போது தாளில் என்ன வரைவது?

நேயர்களுக்கு வணக்கம்.

மனசு சரியில்லை, படம் வரையலாமா என்று கேட்டால், "உள்ளே இருப்பதையெல்லாம் தாளில் கொட்டிவிடு" என்றுதான் பலரும் சொல்வார்கள். தொடக்கத்திலேயே அப்படிக் கொட்ட வேண்டாம்.

ஜெனிஃபர் டிரேக், எலன் வின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏமாற்றம் தந்த ஒரு சம்பவத்தை நினைத்துப் பார்க்கும்படி குழந்தைகளிடம் சொன்னார்கள். சிலர் அந்தச் சம்பவத்தையே வரைந்தார்கள், சிலர் ஒரு வீட்டை வரைந்தார்கள். மனம் கூடுதலாகத் தேறியது வீடு வரைந்தவர்களுக்குத்தான்.

வீடு வேண்டும் என்றில்லை, ஒரு முருங்கை ஈர்க்கு போதும். அதை மேசையில் வைத்து, ஈர்க்கின் ஓரத்தில் கண்ணை ஓட்டுங்கள். கண் நகரும் வேகத்திலேயே பென்சிலும் நகரட்டும். 15 நிமிடம். ரப்பரைப் பக்கத்தில் வைக்காதீர்கள். அழிக்கத் தொடங்கினால், 'நமக்கு இதுகூட வரவில்லை' என்ற எண்ணமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பதற்றமாக இருக்கும்போது வெற்றுத் தாள் அவ்வளவாக உதவாது. நான்சி கரி, டிம் காசர் என்ற ஆய்வாளர்கள் 2005-இல் 84 கல்லூரி மாணவர்களிடம் சோதித்தார்கள். வட்டக் கோலம் போன்ற மண்டல வடிவத்துக்கும் கட்டம்போட்ட வடிவத்துக்கும் வண்ணம் தீட்டியவர்களுக்குப் பதற்றம் குறைந்தது. வெற்றுத் தாளில் தோன்றியதைத் தீட்டியவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. 'அடுத்து என்ன?' என்று முடிவெடுப்பதே பதறும் மனதுக்குச் சுமை.

சிக்குக் கோலத்திலும் அந்தச் சுமை குறைவு. ஏ4 தாளில் நடு வரிசைக்கு 5 புள்ளி, அதன் மேலும் கீழும் 3, பிறகு 1. மொத்தம் 13. புள்ளிக்குப் புள்ளி 3 செ.மீ. இடைவெளி விடுங்கள். நெருக்கி வைத்தால் வளைவு இடித்துக்கொள்ளும், எரிச்சல்தான் மிஞ்சும். கோடு எந்தப் புள்ளியையும் தொடாமல் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும்.

வண்ணத்திலும் கவனம் வேண்டும். கோபமோ படபடப்போ இருந்தால் வாட்டர் கலரை எடுக்காதீர்கள். தண்ணீர் நம் பேச்சைக் கேட்காது, சாதாரணத் தாளும் ஊறிச் சுருங்கும். அழுத்தித் தேய்க்க ஆயில் பேஸ்டல் நல்லது. மாறாக, மனம் இறுகி எதுவும் தோன்றாத நாளில், தடித்த தாளில் ஈரத்தின் மேல் ஒரு சொட்டு நீலம் விட்டு, அது பரவுவதைப் பாருங்கள்.

அந்த வலியையே வரைய வேண்டும் என்றால், மனம் கொஞ்சம் அடங்கிய பிறகு வரையுங்கள். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டு, அதற்குள் மட்டும் 20 நிமிடம். முடிந்ததும் தாளின் பின்புறம் தேதியும் மூன்று சொற்களும் எழுதி மூடிவையுங்கள். உடனே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட வேண்டாம். லைக் எத்தனை என்று பார்க்கத் தொடங்கினால், அடுத்த படம் மற்றவர்களுக்காகவே வரையப்படும்.

இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் தாளைத் தேடாதீர்கள், உடனே ஃபோனை எடுங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.