வெறும் களிம்பும் மருந்துக் களிம்பும்

நேயர்களுக்கு வணக்கம். பினாங்கில் ஓர் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். சொரியாசிஸ் என்ற தோல் படை நோய் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் அழைத்தார்கள். அதற்குப் பூசுகிற களிம்புகளை எப்படிச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்பதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை. ஏனென்றால் அந்தச் சோதனை நம் வீடுகளிலும் தினமும் நடக்கிறது. "இதைப் பூசிப் பார், என் மச்சானுக்குக் கேட்டது" என்று யாரோ ஒரு டப்பாவை நீட்டுகிறார். நாமும் பூசுகிறோம். ரெண்டு வாரத்தில் செதில் குறைகிறது. சரி, குறைத்தது அந்த மருந்துதானா?

படையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தோலின் அடியில் உண்டாகும் செல், மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் வந்த இடத்தில் அதே பயணம் சில நாட்களிலேயே முடிந்துவிடுகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி முடுக்கிவிடுவதால் வரும் அவசரம் அது. உதிர நேரமில்லாமல் செல்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து, முழங்கையிலும் முழங்காலிலும் தலையிலும் தடித்த படையாக நிற்கின்றன. இது தொற்றாது. கோயில் அன்னதானத்தில் இவர்கள் பக்கத்தில் உட்காராமல் நகர்ந்து போனவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மனசு ரொம்ப வலித்தது. அதனால் மறுபடியும் சொல்கிறேன், தொற்றவே தொற்றாது.

இந்தப் படை தானாகவே கூடும், தானாகவே குறையும். அது மட்டுமல்ல, மருந்தே கலக்காத வெறும் களிம்பைப் பூசினாலும் காய்ந்த தோல் இளகும், செதில் அடங்கும். அதனால்தான் ஆய்வில் ஒரு பகுதியினருக்கு மருந்துக் களிம்பும், மற்றவர்களுக்கு அதே நிறம், அதே வாசனையில் வெறும் களிம்பும் கொடுக்கிறார்கள். யாருக்கு எது என்பது குலுக்கல் மாதிரிதான் முடிவாகும். பூசுகிறவருக்கும் தெரியாது, படையைப் பார்த்து மதிப்பெண் போடும் டாக்டருக்கும் தெரியாது. 2022-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாபினரோஃப் க்ரீமை எடுத்துக்கொள்வோம். அதன் இரண்டு பெரிய ஆய்வுகளில், 12 வாரம் பூசியவர்களில் நூற்றுக்கு 35 முதல் 40 பேருக்குப் படை முழுதாகவோ ஏறக்குறைய முழுதாகவோ மறைந்தது. வெறும் க்ரீம் பூசியவர்களில் அப்படி மறைந்தது நூற்றுக்கு 6 பேருக்கு. அந்த ஆறு பேரும் நம் வீட்டில் இருந்திருந்தால், அந்த வெறும் க்ரீமைத்தான் ஊரெல்லாம் சிபாரிசு செய்திருப்போம்.

அதற்காக மச்சானின் அனுபவத்தைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. ஜப்பானில் எலும்பு பலவீனத்துக்காக வைட்டமின் டி வகை மருந்து சாப்பிட்ட ஒருவருக்குச் சொரியாசிஸ் வெகுவாகக் குறைந்தது. 1985-ல் அதைக் கவனித்து எழுதினார்கள். சொரியாசிஸுக்குப் பூசும் வைட்டமின் டி வகைக் களிம்பான கால்சிபோட்ரியால் வரைக்கும் போன பாதையில் அந்த ஒரு நோயாளிக்கும் பங்கு உண்டு. ஆனால் அவரோடு நிற்கவில்லை, நூற்றுக்கணக்கானவர்களிடம் சோதித்தார்கள்.

நம் வெட்பாலைத் தைலத்தையும் அப்படிச் சோதிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாகிவிடும். சிக்கலே அங்கேதான். நிறத்தைப் பார்த்தவுடனே எது தைலம், எது வெறும் எண்ணெய் என்று தெரிந்துவிடும். ஒப்பிட வைக்கும் எண்ணெய்க்கும் அதே ஊதா நிறம் ஏற்ற வேண்டும். தேங்காய் எண்ணெயே தோலை இளக்கும் என்பதால், தைலம் அதையும் தாண்டி வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். கஷ்டம்தான், ஆனால் முடியாத காரியமில்லை.

ஒரே ஆளின் இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று என்று பூசிப் பார்க்கும் முறையும் உண்டு. அப்படி ஓர் ஆய்வில் சேர்ந்த அம்மா ஒருவர் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வருவார். ஒவ்வொரு முறையும் பழைய டியூபுகளை வாங்கி எடை பார்ப்பது என் வேலை. மூன்றாவது வாரம் வலது டியூப் முழுக்கக் காலி, இடது டியூப் அப்படியே கனமாக இருந்தது. கேட்டேன். "வலது நல்லா கேட்டுச்சு தம்பி, ரெண்டுமே என் கைதானே?" என்றார். அவரை எப்படிக் குறை சொல்வது? அரிப்பில் தூக்கமில்லாதவர். நடந்ததை அப்படியே பதிவில் எழுதினோம். ஆளுக்கு ஒரே களிம்பு என்று பிரிக்கும் ஆய்வுகளை நான் அதிகம் நம்புவது அதற்கப்புறம்தான்.

மதிப்பெண் போடுவதிலும் நம்மவர்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. சிவப்பு, தடிப்பு, செதில், பரப்பு இவற்றைக் கணக்கிடும் பாசி என்ற அளவுகோல் 1978-ல் வந்தது. கறுத்த தோலில் அந்தச் சிவப்பு, கத்தரிப்பூ நிறமாகவோ அடர்ந்த பழுப்பாகவோதான் தெரியும். பழகாத கண் அதைக் குறைவாக மதிப்பிட்டுவிடும். படை ஆறிய பிறகு தங்கும் கறுப்புத் தழும்பை இன்னும் நோய் இருக்கிறது என்று எண்ணுவதும் உண்டு. அதனால் நம்மைப் போன்ற தோல் உள்ளவர்களும் இத்தகைய ஆய்வுகளில் சேர வேண்டும்.

சேருவது சுலபம் என்று பொய் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் 2 வாரம் முன்பே பழைய களிம்பை நிறுத்தச் சொல்வார்கள். அந்த நாட்களில் படை கூடலாம். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வாங்கிய பெயரில்லாத க்ரீம் பூசுகிறவர் என்றால் அதை ஒளிக்காமல் சொல்லுங்கள். அதில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருந்தால், திடீரென நிறுத்தும்போது படை சீறிக்கொண்டு வரும். மருந்து என்று விற்கும் எதிலும் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

கையெழுத்துப் போடும் முன், நெறிமுறைக் குழு அனுமதித்த ஆய்வா என்று கேளுங்கள். எனக்கு வெறும் களிம்பு கிடைத்தால் என்ன, ஆய்வு முடிந்த பிறகு மருந்து தருவீர்களா, நடுவில் விலகலாமா என்றும் கேளுங்கள். தமிழில் விளக்கச் சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம். எவ்வளவு பூசுவது என்றால், ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை களிம்பைப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். அப்புறம், டியூப் காலியானாலும் குப்பையில் போடாமல் கொண்டு வாருங்கள், எடை பார்க்க வேண்டும். வணக்கம்.